மழையில் கரண்ட் போனால் அது யார் கணக்கில் லீவு?

கோத்தகிரி மேகம்:

எங்கள் டீமில் ஒன்பது பேர். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று நீலகிரியில் சிதறிக் கிடப்பவர்கள் நாலு பேர், மற்றவர்கள் கோவையிலும் பெங்களூரிலும். பெங்களூர்க்காரர்கள் வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போக வேண்டும், எங்களுக்கு முழுக்க வீட்டிலிருந்துதான். ஆனால் லீவு பாலிசி எல்லாருக்கும் ஒன்றே. அதுவும் எல்லாரும் ஒரே மாடியில் கார்டு தேய்த்து உள்ளே போய்க்கொண்டிருந்த காலத்தில் எழுதியது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். கூடலூரில் இருக்கும் பெண்ணுக்குப் போன வாரம் மழையில் கரண்ட் போய், நெட் போய், கடைசியில் டவரும் போய் இரண்டு நாள் ஆளையே பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் லாகின் செய்து பார்த்தால் போர்ட்டலில் இரண்டு நாளும் 'தகவலின்றி வரவில்லை' என்று சிவப்பில் ஏறியிருக்கிறது. எச்.ஆரிடம் கேட்டால், 'சி.எல். (கேஷுவல் லீவு) போடச் சொல்லுங்கள், சி.எல். தீர்ந்திருந்தால் இ.எல். (ஈட்டிய லீவு), அதுவும் இல்லையென்றால் லாஸ் ஆஃப் பே (சம்பளப் பிடித்தம்)' என்று பதில். அவருக்கு சி.எல். மிச்சமில்லை. ஜனவரியிலேயே பாதி போய்விட்டது, ஏனென்றால் பெங்களூர் லிஸ்ட்டில் சங்கராந்திக்கு ஒரே நாள், நமக்குப் பொங்கல் என்றால் மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் சேர்த்துத்தானே.

டீம் லீடாக என் மேஜையில் இப்போது அந்த இரண்டு நாள் அப்ரூவலுக்காக நிற்கிறது. மலையில் இருந்துகொண்டு டீம் நடத்துகிறவர்கள், எச்.ஆரில் இருப்பவர்கள், நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? 'ஜெனரேட்டர் வாங்கச் சொல்' ரகப் பதில்கள் வேண்டாம், ப்ளீஸ்.

சுங்கம் ரவுண்டானா:

கோயமுத்தூரில் எச்.ஆர். வேலைதான் பார்க்கிறேன், அதனால் திட்டுவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தையும் கேட்டுவிடுங்கள். சிஸ்டத்தைப் பொறுத்தவரை ஒரு நாள் என்பது வேலை, லீவு, விடுமுறை இந்த மூன்றில் ஒன்றாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பே ரோல் ஓடாது. 'வேலை பார்க்கத் தயாராக இருந்தார், ஆனால் முடியவில்லை' என்று ஒரு கட்டம் அதில் இல்லை. அதனால் கீழே இருக்கும் பையன் கைக்குக் கிடைத்த சி.எல்.லில் தள்ளிவிடுகிறான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது.

ஆனால் அந்தக் கட்டத்தை நாமே சேர்த்துக்கொள்ளலாம், அதுதான் வேடிக்கை. கிரேட்எச்ஆர், கேக்கா, சோஹோ பீப்பிள் என்று எந்த எச்.ஆர். சாஃப்ட்வேரை எடுத்தாலும் புதிதாக ஒரு லீவு வகையை உருவாக்கும் வசதி உண்டு. நாங்கள் 'தடை நாள்' என்று ஒன்று வைத்திருக்கிறோம். சம்பளம் உண்டு, எந்த லீவிலும் கழியாது, ஆண்டுக்கு ஆறு நாள் வரை டீம் லீடே ஓகே பண்ணலாம், அதற்கு மேல் போனால் டிபார்ட்மென்ட் ஹெட் பார்ப்பார். ஃபைனான்ஸில் 'ஆதாரம் வேண்டும், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்' என்று பிடிவாதம் பிடித்தார்கள். நெட் இல்லை என்பதை நெட் வழியாக நிரூபிக்கச் சொன்னால் எப்படி என்று கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

மேகம், உங்கள் எச்.ஆரிடம் 'விதிவிலக்கு கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். விதிவிலக்கு என்றாலே பயப்படுவார்கள். 'ஒரு வகையைச் சேர்த்துக் கொடுங்கள்' என்று கேளுங்கள்.

எல்லநள்ளி ஸ்டாப்:

எல்லாரும் ஒரே பக்கம் பேசினால் இழைக்கு ருசி இருக்காது, அதனால் நான் மறுபக்கம். பஸ் ஓடவில்லையென்றால் ஆபீஸ் போகிறவன் என்ன செய்கிறான்? லீவுதானே போடுகிறான். வீட்டிலிருந்து வேலை வேண்டும் என்று கேட்டு வாங்கியது நாம். கரண்ட், நெட், நாற்காலி எல்லாம் ஊழியர் பொறுப்பு என்று பெரும்பாலான கம்பெனி லெட்டரில் எழுதியே இருக்கிறது, படித்துத்தான் கையெழுத்துப் போட்டோம். பெங்களூரில் வாடகைக்கு மாதம் முப்பதாயிரம் கொட்டுகிறவன், அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி வேலை செய்கிற உங்களுக்குச் சம்பளத்தோடு மழை லீவு என்று கேள்விப்பட்டால் சும்மா இருப்பானா?

இன்னொன்று. ஐந்து பேர் நேர்மையாக இருப்பார்கள், ஆறாவது ஆளுக்கு வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் சொல்லி வைத்தாற்போல் நெட் போகும். நான் ஒரு டீமை நடத்துகிறவன், இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தேவாலா சாரல்:

எல்லநள்ளி அண்ணா, உங்கள் ஊரில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் செய்தி, எங்கள் ஊரில் இரண்டு நாளில் வந்தால் செய்தி.

என் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, 150 ஏ.எச். பேட்டரி. ரவுட்டர் பத்துப் பதினைந்து வாட், லேப்டாப் அறுபது வாட், டி.வி., மிக்ஸி எதையும் தொடாமல் இருந்தால் ஒரு பகல் தாராளமாக ஓடும். சிக்கல் வீட்டுக்கு வெளியில். ஃபைபர் எங்கிருந்து வருகிறதோ அங்கேயும் கரண்ட் வேண்டும், அங்கிருக்கும் பேட்டரி சில மணி நேரத்தில் படுத்துவிடும். செல் டவருக்கும் இதே கதைதான். பேட்டரி தீர்ந்தால் ஜெனரேட்டர், டீசல் தீர்ந்தால் யாராவது கேனில் கொண்டு வர வேண்டும், நடுவழியில் கற்பூர மரம் குறுக்கே விழுந்து கிடந்தால் அவர் எப்படி வருவார்? லைன்மேன்கள் ரெயின்கோட்டோடு நின்று சீகை மரத்தை அறுத்து, கம்பியை இழுத்துக் கட்டி முடிப்பதற்குள் அடுத்த வளைவில் இன்னொன்று சாய்ந்திருக்கும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் எங்கள் பக்கத்துச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். இதற்கு நான் வாங்கி வைக்கக்கூடிய சாமான் எந்தக் கடையில் இருக்கிறது?

பஸ் ஓடாத உதாரணத்துக்கும் வருகிறேன். நகரத்தில் வெள்ளம் வந்து ஆபீஸையே மூடினால் யாருக்கும் லீவு கழிப்பதில்லை, 'ஆபீஸ் மூடல்' என்று மெயில் வந்துவிடும். என் ஆபீஸ் என் வீடு. அது மூடினால் மட்டும் எப்படி என் சொந்த லீவாகிறது?

ஏமாற்றுகிறவர்களைப் பற்றிச் சொன்னீர்கள், அதற்கு ஒரு எளிய வழி எங்கள் டீமில் இருக்கிறது. கனமழை என்றால் கலெக்டர் தாலுகா வாரியாகப் பள்ளி விடுமுறை அறிவிப்பார், காலையிலேயே டி.வி.யில் வந்துவிடும். கூடலூர், பந்தலூர் தாலுகாவுக்கு அறிவிப்பு வந்த நாளில் அந்தப் பக்கத்து ஆள் லாகின் ஆகவில்லையென்றால், அவர் வந்து சொல்லும் வரை தடை நாள் என்றே வைத்துக்கொள்வது. 'தகவலின்றி' என்று சிவப்பில் போடக் கூடாது. அறிவிப்பு இல்லாத நாளில் போனால் மட்டும் பேச்சு. வெள்ளிக்கிழமை மதியக்காரர் இதிலேயே வடிகட்டப்பட்டுவிடுவார்.

அப்புறம் அரை நாள் சிக் லீவு என்று ஒரு காமெடி. பந்தலூர் பக்கத்திலிருந்து ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க கோவை போக ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதற்கு பத்தேரி கிட்டே என்று பாதிப் பேர் கேரளாவுக்குப் போகிறோம், அங்கேயும் டோக்கன் போட்டுக் காத்திருந்து திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். 'டாக்டர் விசிட்டுக்கு எதற்கு முழு நாள்' என்று சமவெளியில் இருந்து கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது?

எல்லநள்ளி ஸ்டாப்:

தாலுகா அறிவிப்பு விஷயம் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் இன்னும் சண்டை பாக்கி.

சட்டப்புத்தகம்:

ஊட்டியில் வக்கீலாக இருக்கிறேன், தொழிலாளர் வழக்குகள்தான் பெரும்பாலும். சட்டம் எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டையைத் தொடருங்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, 25-வது பிரிவு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த ஆண்டில் சம்பளத்தோடு 12 நாள், அதை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். இது போக, முதல் ஆண்டிலிருந்தே நோய்க்கு 12 நாள் வரை, நியாயமான எந்தக் காரணத்துக்கும் சி.எல். 12 நாள் வரை. நிறைய கம்பெனிகள் இந்த மூன்றையும் ஒரே பானையில் போட்டு 'மொத்தம் 18 நாள், எடுத்துக்கொள்' என்று ஏதோ பெரிய மனதோடு கொடுப்பது போல எழுதுகின்றன. கூட்டிப் பாருங்கள், 36 வருகிறது.

கர்நாடகத்துக்குத் தனிச் சட்டம், 1961-ல் வந்தது. அங்கே வேலை பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள், நோய் மற்ற காரணங்களுக்குச் சேர்த்து ஆண்டுக்கு 12 நாள். மேகத்தின் டீமுக்கு எது பொருந்தும் என்றால், முதலில் பார்க்க வேண்டியது அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் எந்த ஆபீஸோடு இணைத்திருக்கிறார்கள் என்பதை. பெங்களூர் என்று போட்டிருந்தால் கம்பெனி கர்நாடகக் கணக்கைத்தான் காட்டும். வேலை செய்யும் இடம் குன்னூர் என்று எழுதி வாங்கியிருந்தால் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது. யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை, சம்பள எண்ணைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் 180 நாள் வேலை பார்த்திருந்தாலே 20 நாளுக்கு ஒரு நாள் என்று வருகிறது, ஆனால் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் இருப்பவர்களுக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் லீடுகளுக்கு அதில் ஆறுதல் இல்லை.

விடுமுறைக்கு வேறு சட்டம், 1958-ஐச் சேர்ந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், ஐந்து பண்டிகை நாளும் கொடுத்தாக வேண்டும். அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை. எந்த ஐந்து பண்டிகை என்பதில்தான் மலைக்காரர்கள் ஏமாறுகிறார்கள். கலெக்டர் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் மலர்க் கண்காட்சிக்கும் ஊட்டி மாரியம்மன் தேருக்கும் உள்ளூர் விடுமுறை விடுகிறாரே, அது அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும்தான், பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வேலை நாளாகிவிடும். 1881-ம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்று அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள், அதாவது பேங்க்கையே அது கட்டுப்படுத்தாது, உங்கள் கம்பெனியை எங்கே கட்டுப்படுத்தப் போகிறது.

மின்தடை நாளைப் பற்றி இந்தச் சட்டங்கள் எதிலும் ஒரு வரி கிடையாது. அது முழுக்கக் கம்பெனி பாலிசி. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் மேனேஜர் 'ஓகே பா' என்று போட்டதையெல்லாம் நம்பி உட்காராதீர்கள்.

பூம்பாறை பூண்டு:

கொடைக்கானல் பக்கத்திலிருந்து. எல்லாரும் மழையையே பேசுகிறீர்கள், எனக்கு வேறு இடத்தில் வலிக்கிறது. முழுக்க வீட்டிலிருந்து என்று ஆன பிறகு எங்கள் டீமில் சிக் லீவு என்பதே செத்துப்போய்விட்டது. ஆபீஸில் ஒருவனுக்குக் கண் சிவந்து மூக்கு ஒழுகினால் பக்கத்து சீட்காரனே 'கிளம்பு சாமி, எங்களுக்கும் ஒட்டவைக்காதே' என்று விரட்டிவிடுவான். இப்போது 101 டிகிரியோடு போர்வைக்குள் உட்கார்ந்து கேமராவை அணைத்துவிட்டு ஸ்டாண்ட்அப்பில் 'நேற்று இதைச் செய்தேன், இன்று அதைச் செய்வேன்' என்று ஒப்பிக்கிறோம். லீவு கேட்டால், 'வீட்டில்தானே இருக்கிறாய், முடிந்ததைப் பார்' என்று பதில். அந்த 'முடிந்ததை'யில்தான் ஆள் காலி. அரைகுறையாக நாலு நாள் பார்த்து, எல்லாவற்றையும் தப்பாகச் செய்து, அடுத்த வாரம் அதைத் திருத்த இன்னொருவனுக்கு இரண்டு நாள்.

மலையில் இருந்தால் கூடுதலாக ஒன்று. 'கொடைக்கானலா? ஜாலிதான்!' பெங்களூரிலிருந்து வந்து வட்டக்கானலில் ரூம் போட்டு ஒரு வாரம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிப்பவர்களைப் பார்த்துவிட்டு, இங்கே பிறந்து வளர்ந்தவனும் வருஷம் முழுக்க லீவில் இருக்கிறான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் மே மாதத்தில் நான் லீவு கேட்டால், 'அங்கேயேதானே இருக்கிறாய், எங்கே போகப் போகிறாய்' என்கிறார். ஐயா, சீசனில் ஊரை விட்டு இறங்கத்தான் லீவே கேட்கிறேன்.

டீம் மீட் என்று ஒன்று இங்கே வைத்தார்கள், சனி ஞாயிறில். மலையேறும் வண்டிகளுக்கான இ-பாஸ் எடுக்கச் சொல்லித் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், 2024 மே மாதத்திலிருந்தே அது இருக்கிறது, கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சேர்த்துத்தான். அதை எடுக்காமல் வந்து செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு போன் மேல் போன். இரண்டு நாளும் அவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டியது நான். காம்ப் ஆஃப் (விடுமுறை நாளில் பார்த்த வேலைக்கு மாற்று லீவு) கேட்டால், 'அது வேலை இல்லையே, டீம் பாண்டிங்' என்றார்கள். சரி, பாண்டிங் திங்கள் காலை ஒன்பது மணிக்குத் தீர்ந்துபோனது.

சாண்ட்விச் ரூல் வைத்திருக்கும் கம்பெனிகளைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். வெள்ளியும் திங்களும் லீவு போட்டால் நடுவில் சனி ஞாயிறையும் சேர்த்து நாலு நாள் கழிக்கிற கொடுமையை. இதனால் என்ன நடக்கிறதென்றால், திங்கள் காலை வத்தலக்குண்டு பஸ்ஸில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு லாகின் மட்டும் தட்டிவிட்டு, கொண்டை ஊசி வளைவில் குமட்டலோடு ஒருவன் 'வேலை பார்க்கிறான்'. அன்றைக்கு அவனால் கம்பெனிக்கு எட்டணா பிரயோஜனம் இல்லை, ஆனால் கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது.

வெலிங்டன் வாசி:

குன்னூரில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறேன், ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங் சப்போர்ட். இருபது பேருக்கும் குறைவு, வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மற்ற நாள் வீடு. முதலாளி பக்கத்திலிருந்து பேசினாலும் தேவாலா சொன்னதோடுதான் நிற்கிறேன், காரணம் தர்மமில்லை, காசு. மழைநாளுக்கு இ.எல். கழித்தால் ஊழியர் அதைத் திருப்பி எடுக்கும் இடம் நமக்குத் தெரியாது. உடம்பு சரியில்லாத நாளில் வேலைக்கு உட்கார்ந்து தப்பான பில் போடுவார், இல்லையென்றால் டிசம்பரில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். குன்னூரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஆஸ்பத்திரி பில்லின் நெளிவுசுளிவு சொல்லிக்கொடுத்து நிமிர்த்துவதற்கு ஆகிற செலவில் பாதிகூட அந்த நாலு நாள் சம்பளம் வராது.

லீவு பிளான் பண்ணும்போது நான் காலண்டரோடு மேப்பையும் பார்க்கிறேன். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை தென்மேற்கு, அது கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் விளாசும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு, அது குன்னூர், கோத்தகிரி, பர்லியார் ரோடு. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பக்கம் சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் என் ரோஸ்டரில் ஜூலையில் ஆன்-கால் பொறுப்பு (அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரும் முறை) கூடலூர் ஆட்களுக்குக் கிடையாது, கோத்தகிரியும் கோவையும் பார்க்கும். நவம்பரில் அப்படியே திருப்பிப் போடுவேன். ஒரு ஆளின் பேக்கப் ஒருபோதும் அதே மலைச்சரிவில் இருக்கக் கூடாது. ஒரே ஃபீடரில், அதாவது ஒரே மின்லைனில், இருக்கும் இருவரை ஒருவருக்கொருவர் மாற்று என்று போட்டால் மரம் ஒன்று சாய்ந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே காணாமல் போவார்கள். பெங்களூர் எச்.ஆருக்கு மேகத்தின் மலை ஆட்கள் நான்கு பேருமே 'ஊட்டி'தான், அவர்களிடம் இதை மேப் போட்டுக் காட்ட வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜூலையில் ஆன்-கால் இல்லாத கூடலூர்க்காரர் அப்போது லீவு கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுகிறேன், அவரே சந்தோஷமாகக் கோவை அக்கா வீட்டுக்கு இறங்கிவிடுவார், பாதிப் பேர் அங்கிருந்தே வேலையும் பார்ப்பார்கள்.

தேயிலை பற்றி யாரும் பேசவில்லையே. என் ஆட்களில் பலர் சிறு விவசாயி வீட்டுப் பிள்ளைகள், அரை ஏக்கர், ஒரு ஏக்கர். பசுந்தேயிலை பறித்த அன்றே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும், வைத்திருக்க முடியாது. மழைக்குப் பிறகு கொழுந்து திமுதிமுவென்று வரும் வாரங்களில் லாரி வரும் நேரத்துக்கு ஒரு ஆள் சாக்கோடு நின்று எடையைச் சரிபார்க்காவிட்டால் கழிவு என்று கிலோக்கணக்கில் வெட்டிவிடுவார்கள். அதற்கு மதியம் ஒன்றரை மணி நேரம் பர்மிஷன் கேட்பார்கள். கொடுக்கிறேன். மாலையில் அந்த நேரத்தைப் பார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள், லீவு பேச்சே இல்லை.

எல்லநள்ளி ஸ்டாப்:

இதைத்தான் சொல்கிறேன், இது இன்னொரு வேலை. என் கம்பெனியில் இதற்குப் பெயர் மூன்லைட்டிங்.

வெலிங்டன் வாசி:

அப்பாவுக்குச் சாக்கு தூக்குவது மூன்லைட்டிங் என்றால், உங்கள் டெல்லி ஆபீஸில் பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டி வர நாலு மணிக்கு எழுந்து போகிறவர் டிரைவர் வேலை பார்க்கிறாரா?

அருவங்காடு அம்மா:

நடுவில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பிரசவ விடுப்பு 26 வாரம், 2017 திருத்தத்துக்குப் பிறகு. முதல் இரண்டு குழந்தைக்கு. அது முடிந்த பிறகு வேலையின் தன்மை இடம் கொடுத்தால் வீட்டிலிருந்து பார்க்கலாம், நிபந்தனைகளை இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று அதே திருத்தத்தில் வந்தது. இதில் 'அதற்குப் பிறகு' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். என் தோழியின் கம்பெனியில், 'நீங்கள்தான் ஏற்கெனவே வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்களே, 12 வாரத்தில் சேர்ந்துவிடலாமே, பாப்பா பக்கத்திலேயே இருக்குமே' என்று மிக இனிமையாகக் கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பாப்பாவோடு ஒரு கிளையன்ட் காலை முடித்துக் காட்டட்டும் அப்படிக் கேட்டவர்.

சுங்கம் ரவுண்டானா:

அம்மா சொன்னதற்கு எச்.ஆர். சார்பில் மறுபேச்சில்லை. அப்படிக் கேட்பதே தவறு, சட்டப்படியும்.

பூண்டு கேட்ட சாண்ட்விச் ரூல் எந்தச் சட்டத்திலும் இல்லை, கம்பெனிகள் தாங்களாக வைத்துக்கொண்டது. நாங்கள் எடுத்துவிட்டோம், வானம் இடிந்து விழவில்லை. சிக் லீவுக்கு நாங்கள் செய்தது ஒன்று: போட்ட நாளில் அந்த ஆளின் சாட் கணக்கை அட்மினே முடக்கிவிடுவார். கொஞ்சம் முரட்டு வைத்தியம்தான். ஆனால் லீட் 'ஒரே ஒரு கேள்வி' என்று மெசேஜ் போட வழியே இல்லாமல் போனதால், லீவுக்கு முந்தின நாள் எது யாரிடம் இருக்கிறது என்று எழுதி வைக்கும் பழக்கம் தானாக வந்துவிட்டது. திடீர்க் காய்ச்சலுக்கு முந்தின நாள் ஏது என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் எல்லாரும் தினமும் சாயங்காலம் மூன்று வரி எழுதி டீம் ஷீட்டில் போட்டுவிட்டு எழுந்துபோவது.

இ.எல். சேர்த்து வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையில் இருக்கும்போதே காசாக்கினால் முழுக்க வரி. ஓய்விலோ வேலையை விடும்போதோ வாங்கினால் 25 லட்சம் வரை வரிவிலக்கு உண்டு, 2023-ல் 3 லட்சத்திலிருந்து ஏற்றினார்கள். ஆனால் அதற்காக எடுக்காமலே சேர்த்துக்கொண்டு போகாதீர்கள், நிறைய கம்பெனிகளில் வரம்புக்கு மேல் போனது மார்ச்சிலோ டிசம்பரிலோ ஆவியாகிவிடும்.

கோத்தகிரி மேகம்:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் வைத்து எச்.ஆருக்கு ஒரு மெயில் அடித்திருக்கிறேன், அனுப்பும் முன் பாருங்கள்.

"நீலகிரியிலிருந்து வேலை செய்யும் ஊழியர்களுக்கு 'தடை நாள்' என்ற வகையை போர்ட்டலில் சேர்க்க வேண்டுகிறோம். சம்பளம் உண்டு, எந்த லீவிலும் கழியாது, ஆண்டுக்கு ஆறு நாள் டீம் லீட் அனுமதியில். மாவட்ட ஆட்சியர் மழை விடுமுறை அறிவித்த தாலுகாவில் இருப்பவர் அன்று இணைப்பில் வராவிட்டால், 'தகவலின்றி' என்று பதிய வேண்டாம். ஊழியர் நியாயமான காலத்துக்குள் உறுதிசெய்வார். பண்டிகை விடுமுறை ஐந்தில் மூன்றை ஊழியரே தேர்ந்தெடுக்க அனுமதி வேண்டும், உதாரணமாக கர்நாடக ராஜ்யோத்சவ நாளான நவம்பர் 1-க்குப் பதில் மாட்டுப் பொங்கலோ ஹெத்தைப் பண்டிகையோ. போன வாரம் கழித்த இரண்டு நாளைத் திருப்பிப் போட வேண்டும்."

ரோஸ்டரை நானே மாற்றிக்கொள்கிறேன், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். ஜூலைக்குக் கூடலூரை எடுத்துவிட்டேன், கோவைப் பையன் முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறான், நவம்பரில் அவனுக்கு லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லநள்ளி ஸ்டாப்:

'நீலகிரியிலிருந்து' என்று போடாதீர்கள். பெங்களூரில் அபார்ட்மென்ட் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால் அவனுக்கும் அதே தடை நாள் கிடைக்கட்டும். அப்போதுதான் நான் முதலில் சொன்ன பொறாமை வராது. என் டீமிலும் இதைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன், வெள்ளிக்கிழமைக்காரரைத் தவிர எல்லாருக்கும்.

சட்டப்புத்தகம்:

அந்த இரண்டு நாள் கோரிக்கையைத் தனி மெயிலாக்குங்கள். பாலிசி மாற்றம் கமிட்டி, கூட்டம் என்று மாதக்கணக்கில் இழுக்கும், அதோடு இதையும் சேர்த்துக் கட்டினால் அந்தப் பெண்ணின் சம்பளமும் சேர்ந்து தொங்கும்.

சுங்கம் ரவுண்டானா:

வக்கீல் சொன்னதோடு இன்னும் ஒன்று. 'நியாயமான காலத்துக்குள்' என்பதை எடுத்துவிட்டு 'இணைப்பு வந்த அடுத்த வேலை நாளுக்குள்' என்று போடுங்கள். நியாயம் எவ்வளவு நீளம் என்று எச்.ஆரில் ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருப்போம். பே ரோல் பூட்டும் தேதியை இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அந்த இரண்டு நாள் மாறினால் ஒரு கிளிக்கில் முடியும், தாண்டிவிட்டால் அடுத்த மாதம் அரியராகத்தான் வரும்.